ரென்ஷன் என்றொரு சொல்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



விழா நிகழ்ச்சிநிரலில் எமது பெயருக்கு நேரே 'உரை' என்று மட்டும் அச்சாகியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செயலாளர் ஐயா மூன்று தடவை கேட்டும் நாம் தலைப்பைக் கொடுக்கவில்லை. நான்காந் தடவை தொலைபேசியில், "தம்பி, அச்சகத்துப் பொடியன் வந்து நிக்கிறான். எனக்கு ரென்ஷனை ஏத்தாமல் கெதியாச் சொல்லும்" என்றார். தாம் கேட்ட தலைப்பை அவர் தாமே சொல்லிவிட்டார் என்பது தொலைபேசியை வைத்த பின்னரே எமக்குப் புலப்பட்டது. அதற்குள் அச்சும் முடிந்துவிட்டது. ஆகவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் 'ரென்ஷன்' என்னும் அச்சொல்லே. ஆங்கிலச் சொல்தான். ஆயினும், ஆங்கிலத்தில் வேறு பத்துச் சொல் அறியாதவரும் இதனை அறிவர்.

தலைப்பு அகப்பட்ட மறுநாள் ஒரு சிறு பரீட்சை செய்து பார்த்தோம். காலை தொடக்கம் இரவு வரை இச்சொல் எத்தனை பேர் வாயிலிருந்து எமது செவியில் விழுகிறதென்று ஒரு கடதாசியிற் குறித்துக்கொண்டு வந்தோம். அடுப்பிலே பால் பொங்கி ஊற்றியபோது அம்மா சொன்னார். சோதனைப் பெறுபேறு எப்போது வருமென்று தெரியாத தங்கை சொன்னாள். "எல்லாரும் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மனிசனுக்கு ரென்ஷன் வராதோ?" என்று பஸ் நடத்துநர் சொன்னார். வங்கி வரிசையில் நின்ற ஓய்வூதியகாரர் கோபத்தோடு சொன்னார். கோயில் வீதியிற் கச்சான் விற்கும் ஆச்சி சிரிப்போடு சொன்னார். "அப்பா ரென்ஷனில நிக்கிறார், இப்ப ஒண்டும் கேளாதை" என்று அயல்வீட்டுப் பையன் தன் தம்பிக்குச் சொன்னபோது அச்சொல்லுக்குப் பொருள் கோபம். மகன் போய் இறங்கிவிட்டானென்ற செய்தி வரும்வரை "ஒரே ரென்ஷன்" என்று மாமி சொன்னபோது அதற்குப் பொருள் பயம். கிரிக்கெற் ஆட்டத்தின் கடைசி ஓவரைப் பார்த்துக்கொண்டிருந்தோருக்கு அதுவே ஒருவகை இன்பம். மத்தியானத்துக்குள் கடதாசி நிறைந்துவிட்டது. எண்ணுவதை விட்டுவிட்டோம்.

இச்சொல்லோடு எம்மவர் சேர்க்கும் வினைச்சொற்களையும் கவனித்தல் வேண்டும். ரென்ஷன் வரும், ஏறும், இறங்கும். ஒருவர் அதனைக் கொடுப்பார், மற்றவர் எடுப்பார். "ரென்ஷன் எடுக்காதை" என்று, ஏதோ குளிசையைத் தடுப்பதுபோலப் புத்தி சொல்லுவோம். காய்ச்சல் ஏறுவது, விலை ஏறுவது, வெறி ஏறுவது ஆகியவற்றின் இலக்கணம் முழுவதையும் இந்த விருந்தாளிச் சொல்லுக்கு இரவல் கொடுத்துவிட்டோம். இங்கிலாந்திற் பிறந்தவர் இவ்வாறு பேசமாட்டார். கயிற்றிலே ரென்ஷன் உண்டு, இரு நாடுகளுக்கிடையே உண்டு, நாடகத்தின் மூன்றாம் அங்கத்திலே உண்டு என்பார். தம்மைப்பற்றிச் சொல்ல நேர்ந்தால் பெரும்பாலும் 'ரென்ஸ்' என்ற அடைமொழியையோ, 'ஸ்ரெஸ்' என்பதையோ எடுத்துக்கொள்வார். ரென்ஷனைக் கொடுத்தும் எடுத்தும் பண்டமாற்றுச் செய்யும் வழக்கம் இந்தியாவிலும் இலங்கையிலும் வளர்ந்த வழக்கம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. வந்த சொல் எந்த மண்ணில் வேரூன்றுகிறதோ அந்த மண்ணின் சாரத்தைத்தான் உறிஞ்சும். எமது முறைப்பாடு வேறு. அதற்கு வருமுன் இச்சொல்லின் உறவினரைச் சிறிது பார்த்துவிடுவோம்.

நாம் படித்தது மிஷன் பாடசாலையில். அங்கு ஆங்கிலங் கற்பித்த ஆசிரியர், ஒரு கட்டுரையில் ஒரே சொல் இரண்டாந் தடவை வந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டு, "போய் றொஜெற்றைப் பார்" என்பார். பீற்றர் மார்க் றொஜெற் என்ற வைத்தியர் 1852இல் வெளியிட்ட ஒருபொருட் பன்மொழித் தொகுதி அது. நிகண்டை மனனஞ் செய்த பரம்பரையில் வந்த எமக்கு அத்தகைய நூல் புதியதன்று. 1842இல் மானிப்பாய் அகராதியை அச்சேற்றிய மண் இது. எனவே றொஜெற்றையும் சொற்பிறப்பு அகராதிகளையும் மேசையிற் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். ரென்ஷனுக்குப் பக்கத்தில் ஸ்ரெஸ், ஸ்ரெயின், பிறஷர், அங்சயிற்றி, வொறி, டிஸ்ரெஸ் என்று ஒரு குடும்பமே இருந்தது. வேரைத் தோண்டத் தோண்ட ஒரு வியப்பு. எல்லாமே கயிற்றிலோ கழுத்திலோ போய் முடிந்தன.

ரென்ஷன், இழுத்து விரித்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. இழுத்துக் கட்டிய துணியாகிய கூடாரத்துக்கு 'ரென்ற்' என்று பெயர் வந்ததும், எலும்போடு தசையைப் பிணைக்கும் நாணுக்கு 'ரெண்டன்' என்று பெயர் வந்ததும் அவ்வேரினாலேயே. மனத்தை ஒன்றை நோக்கி இழுத்து நீட்டுவதாகிய கவனத்துக்கு 'அற்றென்ஷன்' என்பர். அதுவும் இவ்வேரின் கிளை. ஸ்ரெயின் என்பதன் வேருக்கு இறுக்கிக் கட்டுதல் என்று பொருள். கண்டிப்பான ஆசிரியரைக் குறிக்கும் 'ஸ்ரிக்ற்' அதன் உடன்பிறப்பு. பிறஷர் அமுக்குதல். அங்சயிற்றியின் வேர் குரல்வளையை நெரித்தல். வொறி என்ற சாதுவான சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்திற் கழுத்தை நெரித்துக் கொல்லுதல் என்றே பொருள். நாய் ஆட்டைக் கடித்துக் குதறுவதற்கு ஆங்கிலேயர் இன்றும் அச்சொல்லை வழங்குகின்றனர். "டோன்ற் வொறி" என்று நாம் முதுகில் தட்டிச் சொல்லும்போது இந்த நாயை நினைப்பதில்லை.

டிஸ்ரெஸ் என்பதன் கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலச் சட்டத்தில், வாடகை நிலுவைக்காகக் குடியிருப்பவனின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்வதற்கு அதுவே பெயர். அவ்வாறு பறிக்கும் அதிகாரம் ஒரு பிரபுவுக்கு எவ்வளவு தூரம் செல்லுமோ அந்தப் பரப்பே 'டிஸ்ரிக்ற்' எனப்பட்டது. எமது மாவட்டத்துக்கு இட்ட ஆங்கிலப் பெயரும் மனத்துயருக்கு இட்ட ஆங்கிலப் பெயரும் ஒரே வயிற்றிற் பிறந்தவை! ஸ்ரெஸ் என்பதோ பெரும்பாலும் டிஸ்ரெஸ் தலையிழந்து நின்ற வடிவம் என்பர். இந்தப் பறிமுதலைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

தமிழிலும் இந்த நெரிவும் இறுக்கமும் உண்டு. நெருக்கடி, இடுக்கண் என்ற சொற்களைப் பாருங்கள். இடுக்கண் என்பதற்கு, மலர்ந்திருந்த கண் துன்பத்தால் இடுங்குதல் என்று விளக்கந் தருவர். திருக்குறளின் 63ஆம் அதிகாரமே அப்பெயரில் நிற்கிறது. தொல்காப்பியரும் உள்ளத்து உணர்ச்சிகளை ஆராய்ந்த இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்று உடம்பை முன்வைத்தே பெயரிட்டார். மனம் வருந்தும்போது தொண்டையும் நெஞ்சும் இறுகுவது உரோமாபுரியாருக்கும் எமக்கும் பொது.

இனி, விஞ்ஞானத்தார் இச்சொற்களை எப்படி ஆளுகின்றனர் என்று பார்ப்போம். உயர்தரத்திற் பௌதிகம் படித்தவர்களுக்கு இழுவை, தகைப்பு, விகாரம், அமுக்கம் ஆகிய நான்கும் நினைவிருக்கும். ரென்ஷன் இழுவை, ஸ்ரெஸ் தகைப்பு, ஸ்ரெயின் விகாரம், பிறஷர் அமுக்கம். இவற்றுள் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் எழுதினாற் புள்ளி இல்லை. றொபேட் ஊக் என்பவர் 1676இல் எழுத்துக்களைக் குழப்பி ஒரு விடுகதைபோல வெளியிட்டு, 1678இல் விடுவித்துக் காட்டிய விதியோடு இப்பாடம் தொடங்கும். கம்பி எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவுக்கு விசையும் கூடும் என்பதே அவ்விதி. ஒரே எடையைத்தான் இரண்டு கம்பிகளிலே தூக்குகிறோம். ஆனால் குறுக்குப்பரப்புப் பாதியாக உள்ள கம்பியில் தகைப்பு இரு மடங்கு. மீள்தன்மை எல்லையைத் தாண்டும்வரை எடையை எடுத்ததும் கம்பி பழைய நீளத்துக்கு வந்துவிடும். தாண்டிய பிறகு வராது. பார்வைக்கு இரண்டு கம்பியும் ஒன்றுபோலவே இருக்கும்.

எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் ஒரு விஷயத்தில் விடாப்பிடியானவர். கம்பியிலுள்ள இழுவை இவ்வளவு என்று விடை எழுதிக்கொண்டு போனால் ஏற்கமாட்டார். "மற்ற நுனியில இழுக்கிறது ஆர்? அதைக் கீறு" என்பார். விசைப்படம் கீறாதவனுக்கு விடை சரியாயிருந்தும் அரைப்புள்ளிதான். இழுவை என்று ஒன்று இருந்தால் இழுபடும் பொருளுக்கு இரண்டு நுனியிலும் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கவே வேண்டும். "எனக்கு ரென்ஷன்" என்று சொல்லுகிற நாம் ஒரு நுனியை மட்டும் காட்டுகிறோம். மறுநுனி படத்திலேயே இல்லை. எமது முறைப்பாடு இதுதான்.

இயந்திரவியலாரின் சொல்லை மனித உடலுக்குக் கொண்டுவந்து உலகறியச் செய்தவர் ஹான்ஸ் செல்யே. 1907இல் வியன்னாவிற் பிறந்து, கனடாவின் மொன்றியல் நகரில் ஆராய்ச்சி செய்தவர். எலிகளைக் குளிரில் விட்டார், காயப்படுத்தினார், அளவுக்கு மிஞ்சி ஓடவைத்தார், நஞ்சூட்டினார். தீங்கு எதுவாயிருந்தபோதும் உடலிற் கண்ட மாற்றம் ஒருதன்மையாகவே இருந்தது. அதிரீனற் சுரப்பி பருத்தது; தைமசுச் சுரப்பி சுருங்கியது; இரைப்பையிற் புண் உண்டாயிற்று. 1936இல் 'நேச்சர்' சஞ்சிகைக்கு எழுதிய ஒரு சிறு கடிதத்தில் இதனை வெளியிட்டார். பின்னர் இதுவே ஸ்ரெஸ் என்ற பெயரோடு ஊரெங்கும் பரவிற்று. ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியன்று. அது தமக்கு இன்னும் நன்றாக வாய்த்திருந்தால் ஸ்ரெயின் என்றே பெயரிட்டிருப்பேன் என்று பிற்காலத்தில் அவர் சொன்னதாகக் கூறுவர். சுமைக்குரிய பெயரைச் சுமந்தவனுக்குக் கொடுத்துவிட்ட குழப்பத்தை அவரே உணர்ந்திருக்கிறார். எல்லாத் தீங்குக்கும் உடல் ஒரேவிதமாகவே விடைகொடுக்கிறது என்ற அவர் கொள்கையைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் அப்படியே ஏற்கவுமில்லை.

அவரைப்பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். புகையிலைக் கம்பனிகளிடமிருந்து அவர் பணவுதவி பெற்றவர் என்பது, அக்கம்பனிகளின் ஆவணங்கள் பிற்காலத்தில் வெளிவந்தபோது தெரியவந்தது. இருதய நோய்க்குக் காரணம் சிகரெற்றா, ஸ்ரெஸ்ஸா என்ற வழக்கில், ஸ்ரெஸ் என்று தீர்ப்பாவது அவர்களுக்கு எவ்வளவு வசதி! விசைப்படத்தில் மறுநுனியை அழித்துவிடுவதால் இலாபம் அடைகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள்.

இது எங்கோ கனடாவில் நடந்ததென்று இருந்துவிட வேண்டாம். எமது பெரியப்பா இளைப்பாறிய தபாலதிபர். ஆங்கிலம் நன்கு வாசிப்பவர். கிளினிக் கொப்பியில் 'ஹைப்பர்ரென்ஷன்' என்று எழுதியிருந்ததை எழுத்தெண்ணிப் பார்த்தார். ரென்ஷன் மிகுதியால் வந்த வருத்தம் என்று தமக்குத் தாமே பொருள் கூறிக்கொண்டார். பெரியம்மா நினைவூட்டும்போதெல்லாம், "வேலையும் விட்டாச்சு, பிள்ளையளும் கரை சேர்ந்திட்டுதுகள். இனி எனக்கென்ன ரென்ஷன்?" என்று சொல்லிக் குளிசையை நிறுத்திவிட்டார். தலையிடி இல்லை, மயக்கம் இல்லை, நித்திரை குறையவில்லை. ஒன்பது மாதம் ஒரு குறையுமில்லை. ஒருநாட் காலை வாழைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றவரின் வலக்கையிலிருந்து வாளி தானாக நழுவிற்று. பாரிசவாதம்.

ஹைப்பர்ரென்ஷனிலுள்ள ரென்ஷன் மனத்தினுடையதன்று. குருதி ஓடும்போது குழாய்ச் சுவரைத் தள்ளுகின்ற விசையே அங்கு பேசப்படுகிறது. எமது பாடநூல்கள் அதனைக் குருதியமுக்கம் என்று தெளிவாகவே சொல்லுகின்றன. 140க்கு 90 என்ற எல்லையைத் தாண்டியவர்களுட் பெரும்பாலோருக்கு உடம்பில் எந்த அறிகுறியுந் தெரியாது. சாந்த சொரூபியாக இருப்பவருக்கும் அது இருக்கும். நாள்முழுதும் எரிந்து விழுகிறவருக்கு இல்லாமலும் இருக்கும். மனக்கவலை அதனைக் கூட்டலாம். கவலை தீர்ந்ததனால் அமுக்கமும் தீர்ந்துவிட்டதென்று சொல்ல இயலாது. குருதியமுக்கமானியைக் கையிற் கட்டிப் பார்த்தால் மட்டுமே தெரியும். பெரியப்பா இப்போது பொல்லூன்றி நடக்கிறார். பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதனைச் சொன்னோம். இன்னும் பலமாகச் சொல்லு என்று அவர் கையாற் சைகை காட்டுகிறார்.

அப்படியானால் ரென்ஷனுக்குத் தமிழ் என்ன என்று கேட்பீர்கள். பத்திரிகைகள் மன அழுத்தம் என்று எழுதுகின்றன. நல்ல சொல்தான், எனினும் எமக்கு அதிற் பூரண திருப்தி இல்லை. "அழுத்தந் திருத்தமாகப் பேசு" என்றால் அது பாராட்டு. "அழுத்தமான ஆள்" என்றால் எதையும் வெளியில் விடாதவர். மேலும், சோர்ந்து படுத்த படுக்கையாகிவிடும் நோய்க்கும் இதையே எழுதுகிறார்கள். பரீட்சைக்கு முதல்நாட் படபடப்புக்கும் இதையே எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் வழங்கும் நெருக்கீடு என்ற சொல் எமக்கு இதனிலும் பிடிக்கும். நெருக்குவது ஏதோ ஒன்று வெளியே இருக்கிறதென்று அச்சொல் ஞாபகப்படுத்துகிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் தமது தமிழ் நூலுக்கு 'மனவடு' என்று பெயரிட்டதும் அத்தகையதே. வடு என்றால் ஆயுதம் ஒன்று இருந்திருக்கவேண்டும் அல்லவா?

ஆனால் புதுச்சொல் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. அம்மம்மாவின் பக்கத்தில் ஒரு பின்னேரம் இருந்தாற் போதும். நாம் இருந்தோம், கொப்பியோடு.

யோசினை என்பார் அவர். அகராதித் தமிழில் யோசனை என்றால் சிந்தனை, ஆலோசனை. எங்கள் பக்கத்தில் "எனக்கு ஒரே யோசினை" என்றால், ஒரே விஷயம் இரவும் பகலும் மனத்திற் சுற்றிச் சுற்றி வருகிறது என்பது பொருள். "யோசியாதை பிள்ளை" என்று ஆறுதல் சொல்வதைக் கேட்ட வெளியூரவர் ஒருவர், இவர்கள் சிந்திக்கவே கூடாதென்று பிள்ளை வளர்க்கிறார்களே என்று வியந்தாராம்! யோசினைக்கு எப்போதும் ஒரு செயப்படுபொருள் உண்டு. "என்ன யோசினை?" என்று கேட்டால், மகளின் கலியாணம், அடகு வைத்த சங்கிலி என்று விடை வந்தே தீரும். "என்ன ரென்ஷன்?" என்று கேட்டுப் பாருங்கள். "சும்மா ரென்ஷன்" என்றுதான் பதில் வரும்.

பதகளிப்பு வேறு. நடக்கப் போவதை நினைத்து நெஞ்சு அடித்துக்கொள்வது அது. ஏக்கம் இன்னும் வேறு. பிற இடத்தார் அதனை ஆசையோடும் பிரிவோடும் சேர்த்துப் பேசுவர். எங்களிடத்தில் திடீரென்று பயந்து திகைத்துப்போவதும் ஏக்கமே. ஷெல் விழுந்த சத்தத்தில் "பிள்ளை ஏங்கிப்போச்சு" என்று சொல்லித் திருநீறு போட்ட தாய்மார் இச்சபையிற் பலர் இருக்கிறீர்கள். கரைச்சல் என்பது பிறர் தருவது. நாள்தோறும் சிறிது சிறிதாக எம்மைக் கரைப்பது. உத்தரிப்பு நெடுங்காலம் பட்டு அனுபவித்துத் தீர்க்கவேண்டியது. கத்தோலிக்க நண்பர்கள் உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்களே, அந்த உத்தரிப்புத்தான். மிஷன் பாடசாலையிற் படிக்கும்போது ஞானோபதேச வகுப்புக்குப் போகும் கூட்டாளிகளிடம் இச்சொல்லைக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் எமது அம்மம்மாவும் முழங்கால் நோவுக்கு அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

இவை எல்லாவற்றிலும் அந்தரம் என்ற சொல்லின்மேல் எமக்குத் தனி மதிப்பு. அந்தரம் இடைவெளி; நிலத்துக்கும் வானுக்கும் நடுவே பிடிமானமில்லாமல் நிற்கும் நிலை. அவசரத்துக்கும் அதையே சொல்லுவோம், நிலைகொள்ளாத மனத்துக்கும் அதையே சொல்லுவோம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் வீதியோரம் பந்தலிட்டு அமர்ந்தார்கள். அத்தகைய தாய் ஒருவர் எமது அயலிலும் இருக்கிறார். மருத்துவ முகாம் ஒன்றில் நாம் தொண்டராக நின்றபோது அவரும் வந்திருந்தார். "ஸ்ரெஸ் ஏதாவது இருக்கா அம்மா?" என்று கொழும்பிலிருந்து வந்திருந்த இளம் வைத்தியர் அன்பாகத்தான் கேட்டார். "இல்லை ஐயா" என்றார் அந்தத் தாய். வைத்தியர் படிவத்தில் இல்லை என்று குறித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற தாதி ஊர்க்காரர். "அம்மா, மனம் அந்தரமா இருக்கிறதோ?" என்று திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு வரிசை அரை மணித்தியாலம் நகரவில்லை. திவசம் கொடுப்பதோ விடுவதோ, அவனுடைய சேட்டுக்களை யாருக்கும் கொடுக்கலாமோ கூடாதோ என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லின் பின்னால் வந்தன. அந்த நிலைக்கு அதனிலும் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்குமோ என்று ஐயுறுகிறோம்.

இனி எமது சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்தில் எம்மோடு ஒரே அறையிற் தங்கியிருந்த நண்பர் ஒருவர், முதலாம் வருடம் முழுவதும், "ரென்ஷனாக் கிடக்கு மச்சான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அறையிலிருந்த நால்வரும் அதையே சொல்லிக்கொண்டிருந்ததால், "எல்லாருக்குந்தானேடா" என்று விடை சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துவிடுவோம். அவர் விரிவுரைக்கு வராமல் விடத் தொடங்கினார். இரவில் எங்கோ போய் விடியப்புறத்தில் வந்தார். காதல் விவகாரமாக்கும் என்று பகிடி பண்ணினோம். இரண்டாம் அரையாண்டுப் பரீட்சைக்கு அவர் தோன்றவே இல்லை.

அடுத்த விடுமுறையில் அவர் வீட்டைத் தேடிப்போனோம். தகப்பனார் திண்ணையிற் குந்தியிருந்தார். தேநீர் கொண்டுவந்த தாயார், "தம்பி ஒண்டுஞ் சொல்லேல்லையோ? ஓட்டோவைச் சீஸ் பண்ணிக்கொண்டு போட்டாங்கள் எல்லோ" என்றார். லீசிங்கில் எடுத்த ஓட்டோ. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, வரிசையில் நாட்கணக்காகக் கிடந்த காலத்திற் தவறத் தொடங்கிய கட்டுக்காசு வட்டியோடு வளர்ந்து, கடைசியில் ஒருநாட் சந்தியில் வைத்தே ஆட்களை இறக்கிவிட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள். தங்கையின் படிப்புக்காக எமது நண்பர் இரவுகளில் ஒரு பேக்கரியில் மா பிசைந்திருக்கிறார். நிலுவைக்காகச் சாமானைப் பறித்தல் என்று அகராதி சொன்னதே, அந்தப் பழைய டிஸ்ரெஸ்தான் அவருடைய ரென்ஷன். சட்டப் புத்தகத்தில் உள்ளபடியே.

வருடம் முழுவதும் மூன்றடி தூரத்திற் படுத்திருந்த நாம், மறுநுனியில் இழுப்பது யார் என்று ஒரு தடவையாவது கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓட்டோவை மீட்டிருப்போமென்று சொல்லவில்லை. அவ்வளவு பணத்துக்கு நாம் எங்கே போவது? ஆனால், பரீட்சைக்கு வர இயலாமைக்கு மருத்துவ அத்தாட்சியோ ஒத்திவைப்பு விண்ணப்பமோ உரிய தேதிக்குள் கொடுத்திருக்கலாம். எமது துறையிலே உதவிப்பணத்துக்கு இடமிருந்தது. அதற்குரிய படிவம் எமது மேசை லாச்சியிற் கிடந்தது. அவர் ஒரு வருடத்தை இழந்தார்.

அவர் ஏன் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டோம். "சொன்னன் தானே" என்றார். ஆம், சொல்லித்தான் இருந்தார். நாளுக்குப் பத்துத் தடவை. எங்கள் எல்லாருடைய வாயிலும் கிடந்து தேய்ந்த அந்த ஒரே சொல்லாற் சொல்லியிருந்தார். தகப்பனாரின் கடனை வெளியிற் சொல்லக் கூசும் பிள்ளைக்கு அச்சொல் வசதியான போர்வையாயிருந்தது. கேட்டு நேரத்தை இழக்க விரும்பாத எமக்கும் அது வசதியாகவே இருந்தது. இப்போது நண்பர் எமக்குப் பின்னுள்ள வகுப்போடு இருந்து படிக்கிறார். தகப்பனார் வேறொருவரின் ஓட்டோவை நாள்வாடகைக்கு ஓடுகிறார்.

பெரியோர்களே, இப்பேச்சுக்காக நாம் கொப்பியிற் சேர்த்த சொற்கள் இருபத்தேழு. அவை பெரும்பாலும் அம்மம்மாவும் அவருடைய தோழியர் இருவரும் தந்தவை. எனவே ஒரு குறிச்சிக்குரியவை. தீவுப்பகுதியில் வாழ்க்கைப்பட்டோர், வன்னியில் விவசாயஞ் செய்தோர், மட்டக்களப்பிலும் மலைநாட்டிலும் உத்தியோகம் பார்த்தோர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் வாயில் வேறு சொற்கள் இருக்கும். கொப்பியை மண்டபவாசலிலுள்ள மேசையில் வைத்திருக்கிறோம். சொல்லை எழுதி, எந்த வேளையில் அதனைச் சொல்வீர்கள் என்று ஒரு வரியும் எழுதிவிட்டுப் போங்கள். எழுதக் கண் தெரியாதவர்களுக்காக எமது தங்கை பேனையோடு அங்கே இருக்கிறாள். தேநீரும் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே.